ஆறு கிலோமீட்டருக்கு ஒரே சொல்

காலை ஐந்து பத்துக்குப் பிராட்வேயில் பேருந்து ஏறினேன். காஞ்சிபுரத்துக்கு டிக்கெட் இரண்டு ரூபாய் முப்பது பைசா. தாம்பரம், வாலாஜாபாத் வழி. எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கோயிலுக்கா என்று கண்டக்டர் கேட்டார். இல்லை என்றேன். பட்டுப் புடவையா என்றார். அதுவும் இல்லை என்றேன். "பின்ன அங்க இன்னா சார் இருக்குது?" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பின்னால் போய்விட்டார்.

பதில் என்னிடமும் சரியாக இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். வயது நாற்பத்தாறு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து வீட்டில் இருந்தால் மூன்றாவது ஞாயிறு உள்ளங்கால் அரிக்கத் தொடங்கிவிடும். பதினோரு மாதத்துக்கு முன்னால் புரசைவாக்கத்தில், என்னைத் தாண்டிப் போன லாரியின் கயிற்றுக் கொக்கி என் சட்டைக் கையில் மாட்டித் தோளோடு கிழித்துக்கொண்டு போயிற்று. உடம்பில் ஒரு கீறல் இல்லை. அந்தச் சட்டைக் கை லாரியோடு எந்த ஊருக்குப் போனதோ தெரியாது. அன்றைக்கு வீட்டுச் சுவரில் சாய்த்த சைக்கிள் இன்னும் சாய்ந்தே நிற்கிறது. காஞ்சிபுரத்தில் ஊரே சைக்கிளில் போகிறது என்று யாரோ சொன்னார்கள். பயப்படாமல் போகிறார்களா, பயந்துகொண்டே போகிறார்களா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

தாம்பரம் தாண்டியதும் வெளுத்தது. ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். முன் கண்ணாடியில் சாலை ஓடி வந்து எங்கள் காலடியில் விழுந்துகொண்டே இருந்தது. ஏரிக்கரையில் கீரைக்கட்டு ஏற்றிய சைக்கிள் ஒன்று. ஹாரன். சைக்கிள் மண்ணில் இறங்கியது. பால் கேன் கட்டிய சைக்கிள். ஹாரன். அதுவும் இறங்கியது. பேருந்துக்குள் இருந்து பார்க்கும்போது சைக்கிள்காரனுக்கு முகம் கிடையாது; ஒரு முதுகு, இரண்டு முழங்கால், அவ்வளவுதான். இதை நான் அன்று காலை ஒரு கவனிப்பாக மட்டும் குறித்துக்கொண்டேன். மாலையில் அது வேறாயிற்று.

ஏழே முக்கால். காஞ்சிபுரம் பேருந்து நிலையம். இட்லியும் காபியும் எழுபது பைசா. வெளியே வந்தால் தெரு முழுக்கச் சக்கரம். குறுக்குக் கம்பியில் சாயம் தோய்த்த பட்டு நூல் சிட்டங்கள் மாலை மாலையாகத் தொங்க, பாக்கு நிறமும் மயில்கழுத்து நிறமும் காற்றில் ஆட, வேட்டியை மடித்துக் கட்டியவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே பேருந்துகள், ஒரு நிமிடம் முந்தினால் பத்து பயணிகள் கூடுதல் என்கிற கணக்கில், ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளாத குறையாக நுழைந்தன.

நிலையத்துக்கு எதிரே ஒரு வாடகை சைக்கிள் கடை. மணிக்கு இருபது பைசா. கடைக்காரர் பாஷா ஐம்பது வயதுக்காரர், மருதாணி போட்ட தாடி, ஒரு கால் கொஞ்சம் தாங்கல். என் பெயரும் ஊரும் வந்த வேலையும் கேட்டு நோட்டில் எழுதியவர், சைக்கிளைக் கொடுத்துவிட்டு, "அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் போய்ட்டு வாங்க சார்" என்றார். பதினோரு மாதத்துக்குப் பிறகு ஏறினேன். பத்து கஜம் போயிருப்பேன். முதுகுக்குப் பின்னால் லாரி ஒன்று அலறியது. சைக்கிளை அப்படியே விட்டுவிட்டுச் சாக்கடை ஓரம் குதித்தேன். திரும்பிப் பார்த்தால் லாரி இல்லை. பாஷா கையில் பழைய லாரியின் ரப்பர் பந்து ஹாரன்.

"மன்னிச்சுக்கோங்க சார். எல்லாருக்கும் இந்தப் பரீட்சை உண்டு. நீங்க குதிக்கிற ஜாதி. பொழைச்சுக்குவீங்க, வண்டிதான் என்னுது" என்று சிரித்துக்கொண்டே சைக்கிளைத் தூக்கி ஹாண்டில்பாரை நேராக்கினார். "சில பேர் திரும்பிப் பார்ப்பாங்க. அவங்களுக்குப் பெரிய வண்டி குடுக்க மாட்டேன். ஆனா பாருங்க, இந்த ஊர்ல ஒரு தினுசு இருக்குது, வேற எங்கயும் கிடையாது. ஹாரன் அடிச்சா ரெண்டு காலையும் பெடல்லருந்து தூக்கிடுவாங்க. கையையும் விட்டுடுவாங்க. நடு ரஸ்தாவுல."

"ஏன்?"

"தறிக்காரங்க. இழை அறுந்தா காலைத் தூக்கணும் சார், இல்லன்னா இருக்கிற இழையும் போயிடும். இருபது வருஷம் தறிக் குழியில கால வச்சு மிதிக்கிறவனுக்குத் திடுக்குன்னா கால் தானா மேல வரும். அது தப்பா?" அவரே பதிலும் சொன்னார். "தப்பு அவன் கால் மேல இல்ல. நாலடி தள்ளிப் போக ரோடு இருக்குது. உரசிக்கினு போறான் பாருங்க, அவன் மேல."

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், இடது தோள் வலதைவிடச் சற்று இறங்கியிருந்தது. பின்னால் கையில் தூக்கு வாளியோடு அவர் மனைவி ராஜம்மா. பாஷா கடைக்குள் போய், சுவரோரம் கோணி போர்த்தி வைத்திருந்த ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். துடைத்து, எண்ணெய் விட்டு, புது மணி பூட்டியிருந்தது.

"அஞ்சு மாசமா உன் மாப்பிள்ளைய என் வூட்ல வச்சிருக்கேன் குப்புசாமி. சோறு போட்டு மாளல" என்றார் பாஷா.

குப்புசாமி சிரித்தார். சைக்கிளைத் தொடவில்லை.

விஷயம் இதுதான். குப்புசாமிக்குப் பிள்ளையார்பாளையத்தில் தறி. புதுப் பாவு சின்ன காஞ்சிபுரத்தில் தயாராகிக் காத்திருக்கிறது. புடவையின் நீள வாட்டத்து இழைகள் அத்தனையும் ஒரு மரக்கட்டையில் சுற்றியிருக்கும், அதுதான் பாவு. இத்தனை நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டு வந்து கொடுத்தார்கள். இனிக் கேட்க வாய் வரவில்லை. இன்று அவரே போய் எடுத்து வர வேண்டும். மதியம் இழை பிணைக்கும் அம்மா வருகிறாள். போக மூன்று கிலோமீட்டர், வர மூன்று. நடுவில் மூங்கில் மண்டபத்துச் சந்திப்பு. ஐந்து மாதத்துக்கு முன் அங்கேதான் ஒரு தனியார் பேருந்து அவரை உரசித் தள்ளியது. காறை எலும்பு முறிந்து, புத்தூர்க் கட்டுப் போட்டு, தறியில் உட்காரவே மூன்று மாதம் ஆயிற்று.

"தறியில நல்லா இருக்காரு" என்றாள் ராஜம்மா பாஷாவிடம். "சைக்கிள்னாலே வேர்த்துக் கொட்டுது. நீ கூடப் போண்ணா. பின்னாடியே போய் ஒரு வார்த்தை சொல்லிக்கினு வா."

"இந்தக் காலை வச்சுக்கினா? கடைய யாரும்மா பார்ப்பாங்க?" பாஷா கண்கள் மெல்ல என் பக்கம் திரும்பின. "இதோ சார் இருக்காரே. கோயிலும் பாக்கல, புடவையும் வாங்கல. அவருக்கு இன்னைக்கு வேலையே கிடையாது."

பதினோரு மாதமாகச் சைக்கிளைத் தொடாதவன் என்று சொல்ல வாயெடுத்தேன். ராஜம்மா அதற்குள் என் எதிரே வந்து நின்றுவிட்டாள்.

"சார், கோர்வைத் தறி எங்களுது, உடம்பும் கரையும் தனித்தனியா நெய்து கோக்கிறது. நடு உடம்பு அவரு நெய்வாரு. கரைக்கு இழை ஓட்டுற நாடாக் கட்டைய எதிர்ப்பக்கம் நின்னு நான் வாங்கித் திருப்பி வுடணும். நான் நாடா வுட்டுட்டு 'மிதி'ன்னா அவரு மிதிப்பாரு. அந்தச் சொல்லுக்குக் கால் பழகியிருக்குது. ஹாரன் கேட்டா நீங்க 'மிதி'ன்னு சொல்லுங்க. கால் நிக்காது." அவள் குரல் தாழ்ந்தது. "'பாத்து'ன்னு மட்டும் சொல்லாதீங்க சார். அது மட்டும் வேணாம்."

"ஏம்மா?"

அவள் தூக்கு வாளியின் மூடியைத் திருகினாள். குப்புசாமிதான் சொன்னார், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே: "தறியில இழை அறுந்தா அவ 'பாத்து'ன்னு சொல்லுவா. நான் நிறுத்திட்டுக் குனிஞ்சு தேடுவேன். அன்னைக்கு அவ கேரியர்ல உக்காந்துக்கினு இருந்தா. பஸ்ஸு வந்துது. அவ வாயில வந்தது அது. நான் நடு ரோட்டுல காலைத் தூக்கிட்டுக் குனிஞ்சேன்." சற்று நிறுத்தி, "கண்டக்டரு இறங்கி வந்து, 'டபுள்ஸ் வந்தது யாரு தப்பு'ன்னு கேட்டுட்டுப் போனாரு" என்றார்.

"அந்தச் சொல்லையே வுட்டுட்டேன் சார்" என்றாள் ராஜம்மா. "இப்பத் தறியில இழை அறுந்தா கட்டையத் தட்டிக் காட்டுறேன். அஞ்சு மாசமா அது என் வாயில வரல."

எட்டரை மணி. புறப்பட்டோம். குப்புசாமி முன்னால், நான் நாலு கஜம் பின்னால். "மிதி" என்றேன். முதல் மிதியில் முன்சக்கரம் பாம்பு போல நெளிந்தது. "மிதி. மிதி." காந்தி ரோட்டில் அப்பளக் கடை, புடவைக் கடை, பித்தளைப் பாத்திரக் கடை எல்லாம் இடப்பக்கம் நகரத் தொடங்கின. அச்சகத்தில் ஒரு நாளைக்கு ஆயிரம் சொற்களை அடிப்பேன், மாற்றுவேன். இங்கே எனக்கு ஒரே ஒரு சொல். அதைச் சரியாகச் சொல்ல வேண்டும். லாரி வந்தால், மிதி. மாட்டு வண்டி ஒதுங்கினால், மிதி. ஒரு தயிர்க்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "யோவ், அந்த மனுசன் மிதிச்சுக்கினுதான இருக்கான்? இன்னும் எவ்ளோ மிதிக்கச் சொல்ற?" என்று என்னைத் திட்டினாள். குப்புசாமியின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது.

ஆனாலும் மூன்று முறை இறங்கினார். ஒவ்வொரு முறையும் சட்டை முதுகில் ஈரம் ஒரு விரல் அகலம் கூடியது. மூங்கில் மண்டபத்தை நடந்தே, சைக்கிளை உருட்டியே கடந்தார். நானும் உருட்டினேன்.

ஒன்பது மணி சுமாருக்குச் சின்ன காஞ்சிபுரம். ஒரு பக்கத் தெருவில் திரும்பியதும் குப்புசாமி கை காட்டி நிறுத்தினார். தெருவின் நீளத்துக்கும் பாவு நீட்டியிருந்தார்கள். இருபுறமும் கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில், அரக்குச் சிவப்பு இழைகள் ஆயிரக்கணக்கில் வெயிலில் தகதகத்தன. இரண்டு பேர் கஞ்சி தடவிக்கொண்டே மெல்ல நடந்தார்கள். தெருமுனையில் நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று, எஞ்சினை அணைத்துவிட்டு, நின்றது. ஓட்டுநர் இறங்கி நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு ஹாரன் இல்லை. ஒரு வசவு இல்லை.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"அரை மணி இருக்கும் சார். பாவு மேல வண்டி ஏத்திட்டு இந்தத் தெருவை வுட்டு முழுசா போவ முடியுமா?"

"சைக்கிள்காரனுக்கு இப்படி நிப்பீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சைக்கிளு நகரும் சார். பாவு நகராதே" என்றார். கெட்ட மனிதரில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னார், அதுதான் தொந்தரவு.

பாவு இழைப்பவர் வீட்டில் கட்டையை வாங்கிக்கொண்டோம். இது மாம்பழ மஞ்சள். வெள்ளைத் துணி சுற்றிக் கேரியரில் குறுக்காக வைத்துக் கட்டிய குப்புசாமி, பிறகு என்ன நினைத்தாரோ, துணியை இரு நுனியிலும் சுருட்டி மஞ்சள் வெளியே தெரியும்படி செய்தார். "தெரியட்டும் சார். என்னைப் பாக்காதவன் இதைப் பாப்பான்." கட்டை நாளைக்கு வேறொருவருக்கு வேண்டும், இன்று மாலையே திரும்ப வர வேண்டும் என்று வீட்டுக்காரர் வாசல் வரை வந்து சொன்னார்.

பத்தேகால். திரும்பும் வழியில் மூங்கில் மண்டபம்.

இந்த முறை அவர் இறங்கவில்லை. பாவு ஏற்றிய சைக்கிளை உருட்டினால் கட்டை சாயும் என்றார். காரணம் அதுதானா, வேறா, எனக்குத் தெரியாது. முன்னால் ஒரு கட்டை வண்டி. வலப்பக்கம் ரிக்‌ஷா. நடுவில் ஒரு சைக்கிள் நுழையும் சந்து. அதற்குள் அவர் முன்சக்கரம் நுழைந்த நொடியில் எனக்குப் பின்னாலிருந்து அது வந்தது. வேலூர்ப் பக்கம் போகிற தனியார் பேருந்து, ரிக்‌ஷாவையும் வண்டியையும் ஒரே மூச்சில் முந்துகிற வேகம். ஹாரனை அழுத்திய கையை ஓட்டுநர் எடுக்கவே இல்லை. என் காதோரம் சூடு, மூக்கில் இரும்பு மணம்.

நான் குதித்தேன். சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கால் தேய்ந்து விழுந்த இடத்திலிருந்து, நாற்பத்தாறு வருடமாக இந்த நாக்கில் ஊறிய சொல், அந்த ஒற்றைச் சொல்லைத் தள்ளிவிட்டு வெளியே வந்தது.

"பாத்து! பாத்து!"

கத்திய பிறகுதான் கேட்டது. மஞ்சள் கட்டை ஒருமுறை ஆடியது. அவர் தோள் இரண்டும் காது வரை ஏறின. கால்களைப் பார்த்தேன். வேறு எதையும் பார்க்க முடியவில்லை. இடது கால் மேலே வந்தது. வந்து, கீழே போயிற்று. வலது கால் மேலே வந்தது. அதுவும் கீழே போயிற்று. வண்டிக்கும் பேருந்துக்கும் நடுவில் இருந்த இடம் மூடுவதற்குள் அவர் அந்தப் பக்கம் போய் மண்ணில் இறங்கி, ஒரு காலை ஊன்றி நின்றார். பேருந்து நிற்கவில்லை. அதன் கண்டக்டர் படியில் தொங்கியபடி பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டி, "சாவுறதுக்கு வேற எடம் கெடைக்கலியா?" என்று எனக்கா அவருக்கா என்று தெரியாதபடி கேட்டுவிட்டுப் போனார்.

நொண்டிக்கொண்டே அவரிடம் போனேன். "தப்பாச் சொல்லிட்டேன் குப்புசாமி. சொல்லக் கூடாததைச் சொல்லிட்டேன்."

"சொன்னீங்களா?" அவருக்கு மூச்சு வாங்கியது. "இன்னா சொன்னீங்க?"

"பாத்துன்னு."

அவர் யோசித்தார். கையால் பாவைத் தடவி, ஒவ்வொரு நுனியாகப் பார்த்து, பிறகுதான் பேசினார். "யாரோ கத்துனாங்க, கேட்டுது. ஆனா கால் தூக்கல." திகைத்தது போல என்னைப் பார்த்தார். "அது அவ சொன்னாதான் சார் போல. வேற யாரு சொன்னாலும் அது வெறும் பாத்துதான்." பிறகு உடனே, "அவகிட்ட சொல்லாதீங்க" என்றார்.

மீதி வழியில் நான் 'மிதி' என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

பதினொரு மணிக்குப் பிள்ளையார்பாளையம். தெருவில் நுழைந்தாலே வீட்டுக்கு வீடு தறியின் சத்தம், டக்கு டக்கு என்று, ஒன்றோடொன்று சேராமல். அவர்கள் வீட்டில் முன் அறை முழுக்கத் தறி. ராஜம்மா வாசலில் நின்றிருந்தாள். முதலில் கணவனைப் பார்த்தாள், அடுத்து பாவை, அதற்கடுத்து என் முழங்காலை.

"நீங்க விழுந்தீங்களா? இன்னா சொன்னீங்க?"

"மிதின்னுதாம்மா சொன்னேன்."

"பொய்." தண்ணீர் கொண்டு வந்து வைத்துக்கொண்டே சொன்னாள். "மொகத்துல எழுதியிருக்குது. பாத்துன்னுட்டீங்க."

பிழை திருத்துகிறவன் முகத்தில் பிழையை அவள் அவ்வளவு சுலபமாகப் படித்தாள். ஆமாம் என்றேன்.

"நின்னாரா?"

"நிக்கலை."

அவள் உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரம் ஒன்று தேவைக்கு மேல் சத்தமாக வைக்கப்பட்டது. குப்புசாமி குற்றம் சொல்வது போல என்னைப் பார்த்தார். நான் ஈரத் துணியால் முழங்காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்று வரைக்கும் அவள் அந்தச் சொல்லின் மேல் பழியைப் போட்டு அதை நாவிலிருந்து விலக்கி வைத்திருந்தாள். நான் வந்து சொல்லின் மேல் குற்றமில்லை என்று நிரூபித்துவிட்டேன். மிச்சம் இருந்தது அவள் குரல்.

பாவைத் தறியின் சொந்தக் கட்டைக்கு மாற்றிச் சுற்றிய பிறகு, மதியம் அங்கேயே சாப்பிடச் சொன்னார்கள். சோறு, முருங்கைக்கீரைச் சாம்பார், அப்பளம். இரண்டு மணிக்கு இழை பிணைக்கும் அம்மா வந்தாள். பெயர் கன்னியம்மா, அறுபது வயதிருக்கும். சாம்பல் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியையும் புதுப் பாவின் இழை நுனியோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு திருகு. அடுத்தது. ஒரு திருகு. விரல்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடின. வாய் மட்டும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தது. ராஜம்மா பக்கத்தில் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்தாள். குப்புசாமி சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி, தம்ளரில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கன்னியம்மா கையில் ஓர் இழை அறுந்தது.

"பாத்து" என்றாள் ராஜம்மா.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வாயிலிருந்து வழுக்கி விழுந்தது. ஆறடி தள்ளி, தறிக்கும் தனக்கும் சம்பந்தமில்லாமல் உட்கார்ந்திருந்த குப்புசாமியின் இரண்டு பாதங்களும் தரையிலிருந்து எழும்பின. காபி வேட்டியில் கொட்டியது.

கன்னியம்மா சாம்பல் விரலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அடப்பாவி, கட்டிக்கினு இருபது வருசம் ஆவுது, இன்னும் இவ கொரலுக்கு ஆடுறியே!" என்று வெடித்துச் சிரித்தாள். குப்புசாமி சூடு தாங்காமல் வேட்டியை உதறிக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். ராஜம்மா மட்டும் சிரிக்காமல், அறுந்த நுனியைத் தேடி எடுத்து கன்னியம்மாவிடம் கொடுத்தாள்.

"அப்ப நான் சொன்னாதான் நிக்கிறீங்க" என்றாள் கணவனைப் பார்க்காமலே.

"ஆமா."

"அப்ப நான் மிதின்னு சொன்னா போவீங்களா?"

கன்னியம்மாவின் விரல்கள் மறுபடி ஓடத் தொடங்கின. "தறியில போறேனே" என்றார் குப்புசாமி.

"கட்டையைத் திருப்பிக் குடுக்கணும்ல. சாயங்காலம் நான் வர்றேன்."

ஐந்து மணிக்குப் பாஷா கடையில் என் சைக்கிளை விட்டேன். ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு ரூபாய் எண்பது பைசா. விழுந்ததில் மட்கார்டு வளைந்ததற்குத் தனியே கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "எங்கப்பா காலத்துல ஜட்கா வண்டிக்காரன் 'கபர்தார், கபர்தார்'னு, ஜாக்கிரதைன்னு அர்த்தம், தானே கத்திக்கினு வருவான் சார். கத்துறது வண்டி ஓட்டுறவன் வேலையா இருந்துது. இப்ப எல்லாம் மிதிக்கிறவன் தலைமேல. நானும் பாருங்க, வாடகைக்கு எடுக்கிறவனுக்குத்தான் பரீட்சை வைக்கிறேன். பஸ் ஓட்டுறவனுக்கு இந்த ஹாரனை எவன் அடிச்சுக் காட்டுறான்?" என்றார். நான் விடைபெற்று நாலு அடி நடந்திருப்பேன். பின்னால் ஹாரன் அலறியது. குதித்தேன். "இன்னும் குதிக்கிறீங்க சார்!" என்று கடைக்குள்ளிருந்து சிரிப்பு.

ஐந்தரை. சென்னைப் பேருந்து. அதே வாலாஜாபாத் வழி, அதே முதல் இருக்கை. ஓட்டுநர் இளைஞர், வெற்றிலைச் சிவப்பு உதடு. இன்னொரு சென்னை வண்டி பத்து நிமிடத்தில் கிளம்பும், அதற்குள் சின்ன காஞ்சிபுரம் பயணிகளை அள்ளிவிட வேண்டும் என்று கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டே கியரை மாற்றினார். காந்தி ரோட்டில் வெயில் சாய்ந்து, கடைப் பலகைகளின் நிழல் சாலையின் பாதி வரை வந்திருந்தது. மூங்கில் மண்டபம் முன் கண்ணாடிக்குள் வந்தது.

அவர்களும் வந்தார்கள். எங்களுக்கு முப்பது கஜம் முன்னால், சாலையின் இடது ஓரம். கேரியரில் ராஜம்மா பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெறும் மரக்கட்டை. பாவு இல்லாத கட்டையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

"கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றேன்.

"டயம் இருக்குது சார்" என்றார் ஓட்டுநர் திரும்பாமல்.

"முன்னால போறவங்க எனக்குத் தெரிஞ்சவங்க. ஹாரன் அடிக்காதீங்க. தள்ளிப் போங்க."

"ஹாரன் அடிக்காம எப்படி சார் நகருவாங்க?" என்று கேட்டுவிட்டு அடித்தார்.

காலையில் நான் பார்த்த அதே பார்வை: ஒரு முதுகு, இரண்டு முழங்கால். ஆனால் இப்போது அந்த முதுகின் ஒரு தோள் ஏன் தாழ்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். தோள்கள் காது வரை ஏறுவதைப் பார்த்தேன். ராஜம்மா திரும்பி எங்கள் பேருந்தைப் பார்த்தாள். கண்ணாடி முழுக்க அவள் முகம் வந்தது. நான் என் கால் இரண்டையும் பேருந்தின் தரையில் ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைத் திருப்பி, கணவனின் முதுகுக்கு மிகப் பக்கத்தில் வாயைக் கொண்டு போனாள். உதடு அசைந்தது.

எஞ்சின் சத்தத்தில் எந்தச் சொல் என்று கேட்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே, கையெட்டும் தூரத்தில், அவர்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். எழுந்து எட்டிப் பார்த்தேன். கண்டக்டர் உட்காரச் சொன்னார். நான் கால்களை மட்டும் பார்த்தேன். இடது, வலது. இடது, வலது. அவை மிதித்துக்கொண்டிருந்தன.